ஆயிரம் கெஜமும் ஒரு பென்சிலும்

ஆயிரம் கெஜம் என்றால் 914 மீட்டர். நாங்கள் சுடும் 7.62 மில்லிமீட்டர் ரைஃபிளின் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 900 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. வழியில் காற்றே இல்லாவிட்டால் ஒரே நொடியில் இலக்கைத் தொட்டுவிடும். ஆனால் காற்று குண்டைப் பிடித்துப் பின்னுக்கு இழுப்பதால், போய்ச்சேரச் சுமார் 1.6 நொடி ஆகிறது. அந்த 0.6 நொடித் தாமதத்தில்தான் எங்கள் விளையாட்டு முழுவதும் அடங்கியிருக்கிறது. பக்கவாட்டுக் காற்றின் வேகத்தை இந்தத் தாமதத்தால் பெருக்கிப் பாருங்கள். குண்டு எவ்வளவு ஒதுங்கும் என்பது கிடைத்துவிடும். மணிக்கு ஒரு மைல் வேகத்தில் வீசும் காற்று, கன்னத்தில் பட்டாலும் தெரியாத காற்று, குண்டைப் பத்து அங்குலம் தள்ளிவிடுகிறது. முழு மதிப்பெண்ணான ஐந்தைத் தரும் மைய வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய இரண்டடி. நடுவிலிருந்து விளிம்புக்குப் பன்னிரண்டு அங்குலம்தான். ரைஃபிளிலும் கையிலும் மூச்சிலும் ஒரு குறையும் இல்லாமல் சுட்டாலும், காற்றை ஒன்றேகால் மைல் கூட்டியோ குறைத்தோ மதிப்பிட்டால் ஐந்து நான்காகிவிடும்.

இந்தியாவில் துப்பாக்கி சுடும் விளையாட்டு என்றதும் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா வாங்கிய தங்கம் நினைவுக்கு வரும். அது பத்து மீட்டர், கூரைக்குக் கீழே, காற்று நுழையாத அரங்கம். அதன் நுட்பத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அது வேறு கலை. எங்களுடையது மழையிலும் வெயிலிலும் புல்மேல் குப்புறப் படுத்துச் செய்வது. நான் அதைக் கற்றுக்கொண்ட இடம் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் இருக்கும் பிஸ்லி.

லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறி ப்ரூக்வுட்டில் இறங்கினால் சிறிது தூரத்தில் பிஸ்லி வந்துவிடும். ஒரு காலத்தில் ப்ரூக்வுட்டிலிருந்து சுடுதிடலுக்கென்றே தனிக் கிளைப் பாதை போட்டு ரயில் விட்டிருந்தார்கள். 1952-ல் அதை மூடிவிட்டார்கள். பைன் மரங்கள், ஊதாப் பூ பூக்கும் ஹெதர் புதர்கள், வெராந்தா வைத்துக் கட்டிய பழைய மரக் கிளப்கள். அங்குள்ள தேசிய ரைஃபிள் சங்கம் 1859-ல் தொடங்கியது. மறு ஆண்டு விம்பிள்டன் பொதுவெளியில் முதல் போட்டி நடந்தபோது விக்டோரியா மகாராணிதான் முதல் குண்டைச் சுட்டார். விட்வர்த் ரைஃபிளை 400 கெஜ தூரத்து இலக்குக்குக் குறிவைத்து இரும்புத் தாங்கியில் முன்னதாகவே பூட்டி வைத்திருந்தார்கள். மகாராணி பட்டுக்கயிற்றை இழுத்தார். குண்டு மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் பட்டது. இயந்திரத்தில் பூட்டிய ரைஃபிள் எவ்வளவு சரியாகச் சுடும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. அதன் பிறகான காலமெல்லாம், பூட்டப்படாத ரைஃபிளை மனிதர்கள் எப்படிச் சுடுகிறார்கள் என்பதற்கானது. 1890-ல் போட்டி பிஸ்லிக்கு இடம் மாறியது. 600 கெஜம் வரைக்கும் செஞ்சுரி திடல். 1200 கெஜம் வரைக்கும் ஸ்டிக்கில்டௌன். நான் சொல்லப்போவதெல்லாம் ஸ்டிக்கில்டௌனைப் பற்றியது.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் கிளப்பின் மூத்த உறுப்பினர் ஒருவர். நான் சுட்டு முடித்த உடனே, இலக்கைப் பார்க்கப் பக்கத்தில் வைத்திருக்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் கண்முனையைத் தன் தொப்பியால் மூடிவிடுவார். குண்டு எங்கே பட்டது என்று இலக்கு காட்டுவதற்கு முன்னால் நான் சொல்லியாக வேண்டும்: நடுவா, வலதா, மேலா, எத்தனை மினிட். சொன்ன பிறகுதான் தொப்பியை எடுப்பார். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் பங்கை மினிட் என்கிறோம். ஆயிரம் கெஜத்தில் அது பத்தரை அங்குலம். அந்தக் கால்மினிட்களிலும் அரைமினிட்களிலும்தான் எங்கள் பேச்சு முழுவதும் நடக்கும்.

இலக்கைப் பார்ப்பதற்கு முன்னால் குண்டு போன இடத்தைச் சொல்லும் இந்தப் பழக்கம் வெறும் பயிற்சி முறையாகவே முதலில் எனக்குத் தோன்றியது. மற்ற எல்லாமே இதைச் செய்வதற்குத்தான் இருக்கின்றன என்று இப்போது நம்புகிறேன். குண்டு மையத்தை விட்டு விலகுவதற்கு இரண்டே காரணம். ஒன்று நான், மற்றொன்று காற்று. ரைஃபிளும் தோட்டாவும் காரணமாகலாம்தான். ஆனால் நல்ல குழலும் நல்ல தோட்டாவும் இருந்தால் அவற்றின் பங்கு சிறியது. அதுவும் பிஸ்லியின் பெரும்பாலான போட்டிகளில் எல்லாருக்கும் ஒரே வகைத் தோட்டாவைச் சங்கமே கையில் கொடுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறை இலக்கு மேலெழும்போதும் கேள்வி ஒன்றுதான்: இதில் என் பங்கு எவ்வளவு, காற்றின் பங்கு எவ்வளவு? இலக்கிலுள்ள துளை இரண்டையும் சேர்த்துத்தான் காட்டும். பிரித்துக் காட்டாது. நான் முன்கூட்டிச் சொன்னது உண்மையாக இருந்தால் மட்டுமே கழித்துப் பார்க்க முடியும். சொன்னது பொய்யானால் கழித்து வருவதும் பொய். அந்தப் பொய்யை வைத்துச் சைட்டைத் திருகினால் அடுத்த குண்டும் கெட்டுப்போகும்.

உண்மையாகச் சொல்ல வேண்டுமானால் உடம்பு முதலில் ஒத்துழைக்க வேண்டும். எங்கள் ரைஃபிளில் தொலைநோக்கி கிடையாது. கண்ணருகில் ஊசித்துளை போன்ற பின்சைட், குழலின் நுனியில் வளையம் வைத்த முன்சைட், அந்த வளையத்துக்குள் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் அகலமுள்ள கறுப்பு வட்டம். ஆயிரம் கெஜத்தில் அந்தக் கறுப்பு, கையை நீட்டிப் பிடித்த குண்டூசியின் தலையில் பாதியளவுதான் தெரியும். தடித்த தோல் கோட்டு, இடது கையில் கையுறை, மேற்கையில் மாட்டி ரைஃபிளோடு இணைத்த ஸ்லிங். ரைஃபிளின் எடையை எலும்பும் ஸ்லிங்கும் சுமக்க வேண்டும், தசை சுமக்கக் கூடாது. தசை சுமந்தால் நடுங்கும், நடுங்காவிட்டாலும் களைக்கும்.

படுத்த பிறகு செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. குறிபார்த்துக் கண்ணை மூடு. உடம்பைத் தளர்த்து. இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திற. வளையம் கறுப்பின் மேல் நின்றால் சரி. பக்கத்து இலக்கை நோக்கி நகர்ந்திருந்தால் ரைஃபிளை இழுத்துச் சரிசெய்யக் கூடாது. இடது முழங்கையை அச்சாக வைத்து இடுப்பை அரை அங்குலம் நகர்த்த வேண்டும். இதைச் சோம்பலில் விட்டுவிட்டுக் கையால் இழுத்துப் பிடித்துச் சுடுகிறவர்களை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். விசை விடுபடும் கணத்தில் உடம்பு தன் இயல்பான இடத்துக்குத் திரும்பிவிடும். குண்டும் அங்கேதான் போகும். அவர்களோ காற்றைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மூச்சு வெளியேறி அடுத்தது தொடங்குவதற்கு முன் இயல்பாக ஓர் இடைவெளி வரும். அந்த இடைவெளியில் விசை மேல் விரல் அழுத்திக்கொண்டே போகும். எப்போது விடுபட்டது என்று விரலுக்கே தெரியக் கூடாது. ஆனால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். விடுபட்ட கணத்தில் வளையமும் கறுப்பும் எப்படி இருந்தன என்ற படம் கண்ணில் நிற்க வேண்டும். சிமிட்டினால் படம் போய்விடும். முடிவைப் பார்க்கும் ஆவலில் தலையைத் தூக்கினாலும் போய்விடும். படம் நின்றால் சொல்லலாம்: வலது, கால் மினிட். நிற்காவிட்டால் ‘தெரியவில்லை’ என்று சொல்வதே நேர்மை. ‘தெரியவில்லை’ என்பதையும் என் ஆசிரியர் ஏற்றுக்கொள்வார். ‘நடுவில்தான் என்று நினைக்கிறேன்’ என்று இழுப்பதை மட்டும் அவர் ஏற்கவே மாட்டார்.

இனிக் காற்றுக்கு வருகிறேன்.

காற்று குண்டைத் தூக்கிக்கொண்டு போவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சுழன்று பறக்கும் குண்டு தன் மூக்கை வந்துமோதும் காற்றை நோக்கிச் சற்றே திருப்பிக்கொள்கிறது. அப்போது அதைப் பின்னுக்கு இழுக்கும் விசையில் ஒரு பகுதி பக்கவாட்டில் வேலை செய்கிறது. அதனால்தான் வேகம் குறையக் குறைய ஒதுக்கம் கூடுகிறது. அருகிலிருக்கும் காற்று பெரிதா, இலக்கருகே வீசும் காற்று பெரிதா என்று கேட்டால், பொதுவாக அருகிலிருப்பதுதான். தொடக்கத்தில் கொஞ்சம் திசை மாறிய குண்டு மீதி வழி முழுவதும் அந்தத் திசையையே சுமந்துகொண்டு போகிறது. இது புரிந்த பிறகு, காற்றைக் காட்ட நட்டிருக்கும் கொடிகளில் என் பக்கத்துக் கொடியை அலட்சியப்படுத்துவதை விட்டுவிட்டேன். தூரத்துக் கொடிகள் கண்ணுக்கு எதிரே ஆடுவதால் அவையே முழுக் கதையையும் சொல்வதாக மயக்கம் வரும்.

கொடியைப் படிக்கும்போது இரண்டைப் பார்க்கிறோம்: எவ்வளவு தூக்குகிறது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. திசையைக் கடிகார முகத்தை வைத்துச் சொல்வது வழக்கம். இலக்கு பன்னிரண்டு மணி. மூன்று மணியிலிருந்து வரும் காற்று முழு அளவில் தள்ளும். இரண்டு மணியிலிருந்து வந்தால் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரு மணியிலிருந்து வந்தால் பாதி. நேர் எதிரிலிருந்தோ முதுகுப் பக்கமிருந்தோ வந்தால் பக்கத் தள்ளல் இல்லை. புதிதாக வந்தவர்கள் எதிர்க்காற்றைக் கண்டு நிம்மதி அடைவார்கள். ஆனால் மிகக் கொடியது அதுதான். பன்னிரண்டு மணிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வாலாட்டும் எட்டு மைல் காற்று, கொடியில் சிறு அசைவை மட்டும் காட்டிவிட்டு, இடமிருந்து நான்கு மைலாகவும் அடுத்த நிமிடம் வலமிருந்து நான்கு மைலாகவும் மாறிவிடும். குண்டின் இடம் ஏழு அடிக்குக் கிட்டத்தட்ட மாறிப்போகும். பக்கவாட்டில் பலமாக, சீராக வீசும் காற்று அதைவிட எவ்வளவோ நல்லது.

ஸ்டிக்கில்டௌனில் இன்னொரு சிக்கல். சுடுமேட்டுக்கும் எதிரேயுள்ள இலக்குச் சரிவுக்கும் நடுவே நிலம் தாழ்ந்திருக்கிறது. குண்டோ நேராகப் போவதில்லை. பார்வைக் கோட்டுக்கு மேலே சுமார் மூன்று மீட்டர் எழும்பி வளைந்து இறங்குகிறது. ஆகவே நடுவழியில் குண்டு பறக்கும் உயரத்துக் காற்றும் புதர் மட்டத்துக் காற்றும் ஒன்றல்ல.

கானல் இருக்கும் நாட்களில்தான் எனக்கு நம்பிக்கை கூடும். வெயில் பட்ட தரையிலிருந்து எழும் சூடான காற்றின் நெளிவு ஸ்கோப்பில் அழகாகத் தெரியும். ஸ்கோப்பை இலக்கின்மேல் குவித்தபின் சற்றுப் பின்னுக்குத் திருப்பி, பாதி வழியிலுள்ள காற்றுக்குக் குவிக்க வேண்டும். அப்போது இலக்கு மங்கும், கானல் துலங்கும். மென்காற்றில் அது சோம்பலாக நகரும். காற்று கூடக்கூடப் படுத்துக்கொண்டு ஓடும். பத்துப் பன்னிரண்டு மைலுக்கு மேல் போனால் தட்டையாகி எதையும் பிரித்துச் சொல்லாது. நேர் மேலே கொதித்தெழுந்தால் பக்கக் காற்று நின்றுவிட்டது, திசை மாறப் போகிறது என்று பொருள். கொதிக்கும்போது சுடாதே என்பது ஸ்டிக்கில்டௌனில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கப்படுவது. ஆனால் காத்திருக்கவும் அளவுண்டு. உங்கள் முறை வந்ததிலிருந்து 45 நொடிக்குள் சுட்டாக வேண்டும்.

முறை என்று ஏன் சொல்கிறேன் என்றால், பிஸ்லியில் ஓர் இலக்குக்கு இரண்டு பேரோ மூன்று பேரோ பக்கத்தில் பக்கத்தில் படுத்து மாறிமாறிச் சுடுவார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது. பக்கத்தில் படுத்திருப்பவர் என் போட்டியாளர். என் மதிப்பெண்ணைக் குறிப்பவரும் அவரே. அவருடையதை நான் குறிக்கிறேன். ஒவ்வொரு குண்டுக்கும் உரக்கச் சொல்லி எழுத வேண்டும். இந்த விளையாட்டு இப்படித்தான் நடக்கிறது. எதிராளியின் கையில் உங்கள் கணக்கை ஒப்படைத்துவிட்டு நீங்கள் காற்றைப் பார்க்கலாம். அதனால் ஏமாந்தவர் ஒருவரையும் நான் அங்கே சந்தித்ததில்லை.

இப்படி நடக்கும் விளையாட்டில் எது நடந்தாலும் எழுதப்பட்டதே முடிவு. 1874 செப்டம்பரில் நியூயார்க்கின் லாங் ஐலண்டில், கிரீட்மூர் திடலில், அயர்லாந்தும் அமெரிக்காவும் மோதின. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கெஜங்களில் ஆளுக்குப் பதினைந்து குண்டுகள். ஐரிஷ்காரர்கள் குழல்வாயில் மருந்திடும் ரைஃபிளையும் அமெரிக்கர்கள் பின்புறம் தோட்டா இடும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைஃபிள்களையும் கொண்டு சுட்டார்கள். ஐரிஷ் அணியின் ஒருவர் மிகச் சரியாக மையத்தில் சுட்டார். ஆனால் அது பக்கத்து இலக்கு. பூஜ்யம் என்று எழுதினார்கள். கடைசியில் கர்னல் ஜான் போடினின் ஒரே குண்டு மீதியிருந்தது. அதற்குச் சற்று முன்புதான் ஜிஞ்சர் பீர் பாட்டில் வெடித்து அவர் கையைக் கிழித்திருந்தது. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு படுத்துச் சுட்டார், மையம். அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அன்று மையத்தின் மதிப்பு நான்கு. அந்த ஒரு பூஜ்யம் சரியான இலக்கில் பட்டிருந்தால் கோப்பை கடல் கடந்திருக்கும். என் இலக்கின் எண்ணை ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் வாய்விட்டுப் படிக்கும் வழக்கத்தை நான் இன்றும் விடாததற்கு இந்தக் கதை ஒரு காரணம்.

எங்கள் கையில் எப்போதும் இருப்பது ஒரு நோட்டும் பென்சிலும். அதில் இலக்கின் படம் அச்சிட்ட தாளில் ஒவ்வொரு குண்டையும் குறிக்கிறோம். பக்கத்தில் நீளவாட்டில் ஒரு கட்டம். அதில் சைட்டில் வைத்த காற்றளவு, குண்டு விழுந்ததிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்ட உண்மையான காற்றளவு. இரண்டு கோடுகளும் இறங்கி ஏறி ஒன்றையொன்று துரத்துவதைப் பார்த்தால், அன்றைய காற்றுக்கு எவ்வளவு தாமதமாக நான் பதில் சொல்லியிருக்கிறேன் என்பது விளங்கும். நான் முன்கூட்டிச் சொன்ன இடத்தைக் குறிக்க இன்னொரு சிறு புள்ளி. அந்தப் புள்ளி இல்லாத நோட்டு எனக்கு நோட்டே அல்ல.

அது ஏன் என்பதைச் சென்ற கோடையில் நண்பரின் மகளோடு பயிற்சிக்குப் போனபோது கண்ணெதிரே பார்த்தேன். பல்கலைக்கழகக் கிளப்பில் சுடுகிறவள். ஆயிரம் கெஜத்துக்குப் புதியவள். வலமிருந்து மிதமான காற்று. நாலைந்து குண்டுகள் நன்றாகப் போயின. அடுத்ததைச் சுட்டதும் முகம் சுளித்தாள்.

“என்னம்மா, எங்கே?” என்றேன்.

“வலது அங்கிள். முக்கால் மினிட். விசையை இழுத்துட்டேன்.”

“சரி, எழுது.”

இலக்கு இறங்கி ஏறியது. துளையைக் காட்டும் வெள்ளைத் தட்டு நடுவில் நின்றது. ஐந்து. அவள் முகம் மலர்ந்துவிட்டது. “தப்பா சொல்லிட்டேன் போல!”

“உன் கண்ணை நம்புறியா, தட்டை நம்புறியா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஸ்கோப்பில் கானலைப் பார்த்தாள். “ரெண்டையும் நம்பினா, காத்து கூடியிருக்கணும் அங்கிள். வலப்பக்கம் போக வேண்டியதை இடப்பக்கம் தள்ளி நடுவுல விட்டிருக்கு.”

சைட்டில் மூன்று கிளிக், முக்கால் மினிட், வலப்பக்கம் வைத்தாள். அடுத்த குண்டை நடுவில் என்று சொல்லிச் சுட்டாள். தட்டும் நடுவில் வந்தது. அவள் தன் கண்ணைச் சந்தேகித்துச் சைட்டைத் தொடாமல் விட்டிருந்தால், அதே நல்ல குண்டு எட்டு அங்குலம் இடப்பக்கம் போய் வட்டத்தின் விளிம்பை நெருங்கியிருக்கும். இன்னும் அரை மைல் கூடியிருந்தால் நான்கு. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நடுவில் விழும் ஐந்தைப்போல் ஆபத்தானது எதுவுமில்லை. மோசமான குண்டு எச்சரிக்கும். அந்த ஐந்து எச்சரிக்காது. முன்கூட்டிச் சொல்லி எழுதியிருப்பவருக்கு மட்டும்தான் அது பிடிபடும். நான் முழுதாகக் கற்க வெகுகாலம் பிடித்ததை அந்தப் பெண் ஒரு பிற்பகலில் பிடித்துக்கொண்டாள். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு அப்படியொரு மகிழ்ச்சி.

இப்போது மின்னணு இலக்குகள் வந்துவிட்டன. சுட்ட உடனே பக்கத்திலுள்ள திரையில் புள்ளி தெரிந்துவிடுகிறது. நேரம் மிச்சம், ஆள் மிச்சம். அவற்றை எதிர்க்க எனக்குக் காரணமில்லை. திரையை ஒரு துணியால் மூடிவைத்துப் பயிற்சி செய்யச் சொல்லுவேன், அவ்வளவுதான். தொலைநோக்கியும் முன்தாங்கியும் வைத்துச் சுடும் எஃப் கிளாஸ் பிரிவு, கனடாவின் ஜார்ஜ் ஃபார்குவர்சன் உருவாக்கியது. கண்பார்வை மங்கியவர்களுக்கும் முழங்கை வலிப்பவர்களுக்கும் அது வரப்பிரசாதம். நான் அதற்கு இன்னும் மாறவில்லை. மாறினால் வெட்கப்பட மாட்டேன். கைபேசிச் செயலிகள் குண்டு எவ்வளவு இறங்கும் என்பதைச் சொல்லிவிடும். புவி சுழல்வதால் வரும் இரண்டு மூன்று அங்குலத்தைக்கூடச் சொல்லும். காற்றை மட்டும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கையால் இயக்கும் இலக்கு என்றால் யாராவது பட்ஸில் இறங்கியாக வேண்டும். இலக்குகளுக்குக் கீழே மண்சுவரும் காங்கிரீட்டும் காக்கும் நீண்ட பள்ளம் அது. தலைக்கு மேலே குண்டு கடக்கும்போது சாட்டை சொடுக்கிய சத்தம் கேட்கும்; ஆயிரம் கெஜம் வந்தபிறகும் எங்கள் குண்டு ஒலியைவிடச் சற்றே வேகமாகப் பறப்பதற்கு அதுவே சாட்சி. ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும் கட்டத்தில் குண்டு தள்ளாடும். அதைத் தவிர்க்கத்தான் நீண்ட குழலும் காற்றை நன்றாகக் கிழிக்கும் 155 கிரெய்ன் குண்டும். சத்தம் கேட்டதும் சட்டத்தை இறக்கி, துளையைத் தேடி, தட்டைச் செருகி, பழைய துளையை ஒட்டி மூடி, மேலே தள்ளுகிறோம். ஒரு மணி நேரம் இதைச் செய்து பாருங்கள். மேலே படுத்திருப்பவர் காற்றைத் துரத்துகிறாரா, தன்னையே துரத்துகிறாரா என்பது துளைகளின் வரிசையிலேயே தெரியும். பக்கவாட்டில் சீராக நகர்ந்துகொண்டே போகும் துளைகள் காற்றைப் பார்க்காதவருடையவை. எல்லாப் பக்கமும் சிதறியவை விசையில் சிக்கல் உள்ளவருடையவை. பட்ஸ் வேலையைத் தண்டனையாக நினைக்கிற இளைஞர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அங்கே கிடைப்பது இலவசப் பாடம்.

ஜூலையில் நடக்கும் இம்பீரியல் மீட்டிங்கின் முடிவில் அரசர் பரிசுப் போட்டி. முதல் சுற்றில் 300, 500, 600 கெஜங்களில் ஆளுக்கு ஏழு குண்டு. அதிலிருந்து 300 பேர் இரண்டாம் சுற்றுக்கு. அதிலிருந்து 100 பேர் இறுதிக்கு. இறுதி ஸ்டிக்கில்டௌனில். 900 கெஜத்தில் பதினைந்து, 1000 கெஜத்தில் பதினைந்து. வென்றவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். ஃபுல்டன் குடும்பத்தில் மூன்று தலைமுறை வென்றிருக்கிறது: தந்தை ஜார்ஜ் 1888-ல், மகன் ஆர்தர் 1912, 1926, 1931 ஆகிய மூன்று ஆண்டுகளில், பேரன் ராபின் 1958-ல். 1930-ல் மார்ஜரி ஃபாஸ்டர் வென்றார். ஃப்ரிம்லியில் கோழிப்பண்ணை வைத்திருந்தவர், இந்தப் பரிசை வென்ற முதல் பெண். ராணுவத்தினரும் தேர்ந்த சுடுநர்களும் நிறைந்த களத்தில் ஒரே புள்ளியில் முந்தினார். 1908 ஒலிம்பிக்கின் ஆயிரம் கெஜப் போட்டியும் பிஸ்லியில்தான் நடந்தது. அறுபதைத் தொட்டிருந்த ஜோஷுவா மில்னர் மல்லாந்து படுத்துச் சுட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எடுத்துத் தங்கம் வாங்கினார். வயதும் தோள்பலமும் ஆண் பெண் வேறுபாடும் பெரிதாகக் கணக்கில் வராத விளையாட்டு இது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். காமன்வெல்த் நாட்டு அணிகள் மோதும் கோப்பை ஒன்று 1871 முதல் கோலாப்பூர் மன்னரின் பெயரைத் தாங்கியிருக்கிறது என்பதை நம்மவர்களிடம் சொன்னால் வியக்கிறார்கள்.

கற்க விரும்பி என்னிடம் கேட்கும் எல்லாருக்கும் ஒன்றையே சொல்கிறேன். பிரிட்டனில் இருப்பவர்கள் அரசின் ஒப்புதல் பெற்ற கிளப் ஒன்றில் சேருங்கள். குறைந்தது மூன்று மாதம் தகுதிகாண் உறுப்பினராக இருக்க வேண்டும். அந்தக் காலத்தைப் பட்ஸிலும் ஸ்கோப்பின் பின்னாலும் செலவிடுங்கள். முதல் ஆண்டில் ரைஃபிள் வாங்காதீர்கள். கிளப் ரைஃபிள் போதும். ரைஃபிளுக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல ஸ்பாட்டிங் ஸ்கோப், உடம்புக்குப் பொருந்தும் கோட்டு, ஸ்லிங் ஆகியவற்றை வாங்குங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் வாங்குங்கள். முதல் குண்டிலிருந்தே, தட்டு மேலெழும் முன், போன இடத்தை வாய்விட்டுச் சொல்லி எழுதுங்கள்.